நாளுக்கு ஒரு மில்லிமீட்டர்

சாயர்புரம்
16.12.2024

என் மகன் பெவினுக்கு,

அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே குறைவொன்றும் இல்லை. நீ சுகமா என்று கேட்கத்தான் இந்த முறை பேனா தயங்குகிறது.

கம்பெனி ட்ரெயினிங் என்று சொல்லிவிட்டுக் கோயம்புத்தூர் போனவன், இரண்டு கால் எலும்பையும் உடைத்துக்கொண்டு வாடகை அறையில் கிடக்கிறாய் என்று வெள்ளிக்கிழமை மருமகள் ஜெர்லின் போனில் சொன்னாள். விபத்தா என்று மூன்று முறை கேட்டேன். இல்லை அத்தை, உயரமாவதற்கு அவரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார் என்றாள். போனை உன்னிடம் கொடுக்கச் சொன்னால், கடிதம் என்றால் படிப்பாராம், பேச மாட்டாராம் என்கிறாள். பெற்றவளிடம் பேசாமல் இருக்க என்ன கோபம் உனக்கு?

ஞாயிறு ஆராதனையில் ஜெபக் குறிப்புக்கு உன் பெயரைக் கொடுத்தேன். உள்ளதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. 'பைக் விபத்தில் அடிபட்ட சகோதரன் பெவின்' என்று குருவானவர் வாசித்தார். சபை முழுவதும் ஆமென் சொன்னது.

வகுப்பில் ரப்பர் வளையத்தை இழுத்துக் காட்டுவேனே, நினைவிருக்கிறதா? நீளம் கூடும்போது தடிப்பு குறையும். ஒன்றைக் கொடுக்காமல் ஒன்று கூடுவதில்லை. யார் உன்னை என்ன சொன்னார்கள்? எழுது. நான் புறப்பட்டு வரவா?

அன்புடன்,
அம்மா கிருபாபாய்


கோயம்புத்தூர்
22.12.2024

அம்மாவுக்கு,

வர வேண்டாம்.

முழங்காலுக்குக் கீழே எலும்பை உளி வைத்து உடைத்தார்கள். காலைச் சுற்றி இரும்பு வளையங்கள். அவற்றிலிருந்து கம்பிகள் தோலைத் துளைத்து எலும்புக்குள் போகின்றன. நாளுக்கு நான்கு முறை ஜெர்லின் ஸ்பேனரால் நட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சம் திருப்புகிறாள். நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விழுகிறது. அதில் புது எலும்பு வளரும். எனக்கு ஏழு சென்டிமீட்டர் வேண்டும். நான்கு வந்துவிட்டது. கம்பி நுழைந்த இடங்களில் சீழ் வைத்திருக்கிறது. அதைத் துடைக்கும்போது நான் கத்துவது பக்கத்து அறைக்குக் கேட்கக்கூடாது என்று ஜெர்லின் டிவியைச் சத்தமாக வைப்பாள். போனில் பேசாததற்குக் கோபம் காரணம் இல்லை. இந்தச் சத்தம்தான் காரணம்.

யார் என்ன சொன்னார்கள் என்று கேட்டீர்கள். துறைமுக யார்டில் கண்டெய்னர் நம்பரைப் பார்த்துக் குறிப்பது என் வேலை. நம்பர் கதவின் மேல்மூலையில் இருக்கும். ஆகஸ்டில் ஒருநாள் அண்ணாந்து எழுதிக்கொண்டிருந்தேன். லாரி டிரைவர் செந்தூர்பாண்டி பின்னால் வந்து, என் கக்கத்தில் கைகொடுத்து, பிள்ளையைத் தூக்குவதுபோல் தூக்கினான்.

"சாரே, இப்பம் நம்பர் தெரியுதா? இன்னும் மேல போணுமா?"

முப்பது பேர் சிரித்தார்கள். இறக்கிவிட்டதும் கீழே கிடந்த இரும்புக் கம்பியை எடுத்து அவன் முகத்துக்கு வீசினேன். தோள்பட்டைக்குத்தான் எட்டியது. அந்த எலும்பு உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. அவன் மற்றக் கையால் என் கழுத்தைப் பிடித்துக் கண்டெய்னரில் மோதினான். இரண்டு பல் போயிற்று. மாடிப்படியில் விழுந்தேன் என்று உங்களிடம் சொன்னது அதைத்தான்.

எழுந்து நடந்ததும் அவனைத் தேடிப் போவேன். இந்த முறை முகம் எட்டும்.

நான் உயரமாக நின்ற இடம் ஒன்றுதான். உங்கள் ஏழாம் வகுப்பு பெஞ்சு.

பெவின்


சாயர்புரம்
31.12.2024

அன்பு மகனுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அன்றைக்கு உலை வைக்கவில்லை.

பெஞ்சை நீ மறக்கவில்லை. நானும் மறக்கவில்லை. ஒரே தப்பை ஐந்து பிள்ளைகள் செய்தால் உன்னைத்தான் முதலில் பெஞ்சில் ஏற்றுவேன். அவர்களுக்கு ஒரு அடி என்றால் உனக்கு இரண்டு. அழுதால் இன்னொன்று. டீச்சர் தன் பிள்ளைக்குச் செல்லம் கொடுக்கிறாள் என்று ஒரு தாயும் வாசலில் வந்து நின்றுவிடக்கூடாது. சாத்தான்குளத்திலிருந்து நாசரேத் வரைக்கும் வாத்தியார் வீட்டுப் பிள்ளைகள் இப்படித்தான் வளர்ந்தார்கள். நியாயம் என்று நினைத்துத்தான் செய்தேன். தராசில் ஒரு தட்டு தாழ்ந்துவிடுமோ என்று பயந்து மற்றத் தட்டில் கல்லைப் போட்டுக்கொண்டே இருப்பதுபோல. நீ வீட்டுக்கு வந்தும் என்னை டீச்சர் என்று கூப்பிட்ட நாட்கள் உண்டு.

இன்னொன்று கேட்க வேண்டும். நீ எழுதும் கடிதத்துக்கு உறையில் முகவரி எழுதுவது ஜெர்லின். முத்துக் கோத்ததுபோல எழுதுவாள். இந்த முறை எழுத்தெல்லாம் இடப்பக்கம் சாய்ந்து, சுழி முடியாமல் கிடக்கிறது. முப்பத்தொரு வருடம் நோட்டுத் திருத்தியவள் நான். கையில் கட்டுப் போட்ட பிள்ளை இடது கையால் எழுதினால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அவள் வலது கைக்கு என்ன?

அம்மா


கோயம்புத்தூர்
7.1.2025

அம்மாவுக்கு,

இரண்டு விரல் உடைந்திருக்கிறது. உடைத்தது நான்.

டிசம்பர் இருபதில் என் கால் பெருவிரல் மேலே எழவில்லை. நரம்பு இழுபடுகிறது, நிறுத்திவிட்டு ஒரு சென்டிமீட்டர் பின்னால் திருப்ப வேண்டும், இல்லையென்றால் பாதம் தொங்கிவிடும் என்றார் டாக்டர். நான் முடியாது என்றேன். மறுநாள் ஜெர்லின் ஸ்பேனரை ஒளித்து வைத்தாள். கேட்டேன். தரவில்லை. ஊன்றுகோல் கையில் இருந்தது.

"கையை நீட்டு" என்றேன்.

அந்த வார்த்தையை எங்கிருந்து எடுத்தேன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவள் நீட்டினாள், அம்மா. பள்ளிக்கூடப் பிள்ளைபோல உள்ளங்கையை மேலே காட்டி நீட்டினாள். அழுதாள். இன்னொன்று போட்டேன்.

அதற்குப் பிறகு நட்டைத் திருப்புவது நான்தான். போன கடிதத்தில் பொய் எழுதினேன். டாக்டரிடம் போவதில்லை. ஐந்தரை சென்டிமீட்டர் ஆகிவிட்டது. வலது பாதம் ஈரத்துணிபோலத் தொங்குகிறது. தொட்டால் தெரியவில்லை.

நேற்றுக் காலை கண் விழித்தபோது ஜெர்லின் அறையில் இல்லை. அங்கே வந்தால் அனுப்பி வையுங்கள். சாப்பாடு வாங்கித் தரக்கூட ஆள் இல்லை.

பெவின்


சாயர்புரம்
13.1.2025

பெவினுக்கு,

ஜெர்லின் இங்கேதான் இருக்கிறாள். அனுப்ப மாட்டேன்.

வந்தவளுக்குச் சோறு பிசைந்து நான்தான் ஊட்டினேன். ஏன் ஏளா, ஓடியிருக்கக்கூடாதா என்று கேட்டேன். அவனால்தான் எழுந்து வர முடியாதே என்றேன். சோற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அவரு நீட்டுன்னு சொன்னாரு, நீட்டிட்டேன் அத்தை. ஏன் நீட்டினேன்னுதான் தெரியல."

எனக்குத் தெரியும். எத்தனையோ கைகள் அப்படி என் முன்னால் நீண்டிருக்கின்றன. ஒரு பிள்ளையும் ஏன் என்று கேட்டதில்லை. செந்தூர்பாண்டியின் முகம் எட்டவேண்டும் என்று எலும்பை உடைத்துக்கொண்டாய். உனக்கு எட்டியது பக்கத்தில் இருந்தவளின் கைதான். எனக்கும் அன்று எட்டியது நீ ஒருவன்தான்.

சனிக்கிழமை அவளைத் தூத்துக்குடி மகளிர் காவல் நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். அவள் புகார் எழுத, நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். உன் கடிதத்தையும் கொடுத்துவிட்டேன். உன்னிடம் வந்து கேட்பார்கள். உள்ளதைச் சொல். அவள் உன்னோடு வாழ்வதும் வாழாததும் அவள் விருப்பம். நான் அதில் ஒரு வார்த்தை பேசமாட்டேன்.

நேற்று ஆராதனையில் சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்து நின்றேன். என் மகனுக்கு நடந்தது விபத்து இல்லை, அவன் மனைவியின் விரலை உடைத்திருக்கிறான், அந்தப் பாடத்தை அவனுக்கு நடத்தியவள் நான் என்று சொன்னேன். யாரும் ஆமென் சொல்லவில்லை. பின்வரிசையில் என்னிடம் படித்த ஒருவன் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் வந்து இறங்குவேன். உன் டாக்டரிடம் போனில் பேசிவிட்டேன். இனி ஒரு நூல்கூட முன்னால் திருப்பாதே. எவ்வளவு பின்னால் போகவேண்டும் என்று அவர் பார்த்துச் சொல்லுவார். திருப்பப் போவது நான். எந்தப் பக்கம் என்று ஜெர்லின் நட்டுகளில் நகப்பூச்சால் புள்ளி வைத்திருக்கிறாளாம். சிவப்பு முன்னால், வெள்ளை பின்னால். உன்னை விட்டு வந்த பிறகும் அதைச் சொல்லித் தர மறக்கவில்லை.

கதவுத் தாழ்ப்பாளை இன்றைக்கே நீக்கி வை. அன்றைக்கு உன்னால் எழுந்து வர முடியாமல் போகலாம்.

வலித்தால் கத்து. நான் டிவி போட மாட்டேன்.

அம்மா