பூட்டிய அறைக்கு முன்னால் ஷிப்ட் பார்த்தோம், மதினி

என் மாரீஸ்வரிக்கு,

மதினி என்று நான் கூப்பிட்டால் உனக்குச் சிரிப்பு வரும். இராஜபாளையத்து பேண்டேஜ் கம்பெனியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து வேலை பார்த்த சிநேகிதியை நானேதான் அண்ணனுக்குப் பேசி முடித்து மதினி ஆக்கிக்கொண்டேன். "நாத்தனாரே பாத்துக் கட்டிவச்ச பொண்ணு நான், இவ என்னைய ஒரு சொல் சொல்ல முடியாது" என்று எல்லாரிடமும் சொல்லித் திரிந்தாய். இப்போது உன்னிடம் ஒரு சேதி சொல்ல வேண்டும். கேட்டால் நீ கோபப்படுவாய். நீ யாருக்கும் சொல்லாதே என்றதை ஊர் முன்னால் மைக்கில் சொல்லிவிட்டேன்.

ஏன் சொன்னேன் என்று முழுசாகக் கேள்.

நம் கம்பெனிப் பெண்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கையில் கத்தரி பட்டாலும், அடுப்பு சுட்டாலும், பிள்ளைக்குக் கொப்புளம் வந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டோம். கழிவில் விழுகிற கட்டுத்துணியை எடுத்து நாமே கட்டிவிடுவோம். எந்தெந்த ஊர் ஆஸ்பத்திரிக்கோ கட்டுத்துணி நம் கையிலிருந்துதான் போகிறது, நமக்குக் கட்டத் தெரியாதா என்று ஒரு மிதப்பு. அந்த மிதப்பில்தான் நீ மார்பில் வந்த கட்டியையும் கட்டினாய். அது உடைந்து புண்ணான பிறகும் தினமும் துணி மாற்றி, ரவிக்கைக்குள் வெளியே தெரியாமல் கட்டிக்கொண்டு வேலைக்கு வந்தாய். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கே தெரியவில்லை. புண்ணை இனி மறைக்க முடியாது என்று ஆன பிறகுதான் என்னிடம் சொன்னாய், யாருக்கும் சொல்லாதே என்றும் சொன்னாய்.

பிறந்த வீட்டுக்கு மடவார் வளாகம் போகும்போதெல்லாம் வைத்தியநாத சுவாமியிடம் முறையிட்டிருக்கிறாய். அவரிடம் சொன்னதில் பாதியை ஒரு நர்ஸிடம் சொல்லியிருக்கக் கூடாதா? ஆனால் எந்த நர்ஸிடம் சொல்வாய்? அரசாங்க நர்ஸுகள் வீடு தேடி வந்து பரிசோதிப்போம் என்றார்கள். வந்தார்கள்தான். பகலில் வந்தால் நம் தெருவில் வீட்டுக்கு வீடு பூட்டுத்தான் தொங்கும். பெண்கள் எல்லாம் கம்பெனியிலும் மில்லிலும் இருக்கிற நேரத்தில் பெண்களைத் தேடி வீட்டுக்கு வந்தால் யார் கிடைப்பார்கள்? 'மறைச்சுட்டா, அதான் செத்தா' என்று உன்னைக் குறைசொல்ல எல்லாருக்கும் வாய் வருகிறது. மறைத்தாய், சரி. உன்னைக் கேட்க யார் வந்தார்கள்?

நானும் அண்ணனும் உன்னைக் கூட்டிப்போய் மதுரையில் பார்த்த டாக்டரம்மா தங்கமானவர். திட்டவில்லை. மருந்து ஏற்றிக்கொண்டே வர வேண்டும், நடுவில் விடக்கூடாது என்று மட்டும் சொன்னார். மருந்துக்குக் காசு வாங்கவில்லை. பஸ்ஸில் போய்வருவதுதான் உன்னைப் படுத்தியது. திரும்பி வரும்போது கல்லுப்பட்டி தாண்டுவதற்குள் குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுப்பாய். நம் பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரியிலேயே இந்த மருந்தை ஏற்ற ஓர் அறை கட்டியிருக்கிறார்கள், திறந்ததும் அங்கே மாற்றி எழுதித் தருகிறேன் என்று டாக்டரம்மா சொன்னதும் உனக்கு உயிர் வந்தது. உடனே போய்ப் பார்த்தோம். பெயர்ப்பலகை இருந்தது. ஜன்னல் வழியாகப் புதுக் கட்டில்கள் தெரிந்தன. திறப்பு விழா மாலை கதவில் காய்ந்து தொங்கியது. கதவு பூட்டியிருந்தது.

"நர்ஸ் போடலம்மா. போட்டதும் சொல்லுவாக" என்றார் காவலாளி.

அதற்கப்புறம் ஒரு நாள் மதுரை பஸ் ஏறப் போன இடத்தில் பஸ் ஸ்டாண்டிலேயே உட்கார்ந்துவிட்டாய். "போதும் கோமதி. கிட்டக்க அந்த ரூம தொறக்கட்டும், நான் வாரேன்" என்றாய். அண்ணன் கெஞ்சினான், நான் சண்டை போட்டேன். நீ எழுந்திருக்கவில்லை. அறையும் திறக்கவில்லை. நீ போய்விட்டாய்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து டவுன் பஸ்ஸில் வருவாளே ஜன்னத், அவள்தான் இப்போது பெஞ்சில் உன் இடத்தில் உட்காருகிறாள். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், "கோமதி, செத்த இங்க வா" என்று துணிப் பேல்களுக்குப் பின்னால் கூட்டிப்போய்க் காட்டினாள். அவளும் இறுக்கிக் கட்டியிருந்தாள்.

"சின்னக் கட்டிதான்ட்டி. வலியே இல்ல."

அந்தக் கட்டை நானே அவிழ்த்தேன். மறுநாளே மதுரைக்குக் கூட்டிப்போனேன். நல்லவேளை, சீக்கிரம் வந்துவிட்டீர்கள் என்றார் டாக்டரம்மா. ஆனால் முதல் மருந்து ஏற்றிவிட்டுத் திரும்பும்போது ஜன்னத் என் மடியில் சாய்ந்துகொண்டு, "அம்புட்டுத் தூரம் இனிமே என்னால ஏலாது" என்றாள். எனக்கு உன் குரலே கேட்ட மாதிரி இருந்தது. விசாரித்தால், அந்த அறை இன்னும் பூட்டித்தான் கிடக்கிறது.

நம் ஊராட்சியின் அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் எழுந்தேன். அறையைத் திறக்கச் சொல்லி ஊர்த் தீர்மானம் வேண்டும் என்றேன். வந்திருந்த அதிகாரி சிரித்தார். "தெருவிளக்கு, தண்ணி, ரோடு, இதெல்லாம் பேசுங்கம்மா. தனி ஆளோட நோயெல்லாம் தீர்மானத்துல வராது."

மைக்கை வாங்கிக்கொண்டேன்.

"எங்க மதினி மாரீஸ்வரி மாருல புத்துநோய் வந்து செத்தா. கம்பெனித் துணியக் கட்டி மறைச்சா. தெரிஞ்ச பொறவு, மருந்துக்கு மதுரை வரைக்கும் போய்வர ஏலாமச் செத்தா. கிட்டக்க இருக்க ரூமு பூட்டிக் கெடக்கு. இது தனி ஆள் நோயா? யார் வீட்டுல இந்த நோயி வந்துருக்கோ, எந்திரிங்க."

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். பெண்டாட்டி உடம்பைப் பற்றித் தங்கச்சி ஊர் நடுவில் பேசினால் யாருக்குப் பொறுக்கும்? திட்டப்போகிறான் என்றுதான் நினைத்தேன். அவன்தான் முதலில் எழுந்தான். "எங்க வீட்டுல" என்றான். பிறகு அங்கொருவர் இங்கொருவராக எழுந்து, பாதிக் கூட்டம் நின்றது. இத்தனை பேர் ஒரே ஊரில் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறோம், மதினி. அதிகாரி தீர்மானத்தை எழுதிக்கொண்டார்.

தீர்மானம் போட்டால் கதவு திறந்துவிடுமா? நர்ஸ் நியமித்தாகிவிட்டது, தற்காலிகமாக வேறு ஊரில் வேலை பார்க்கிறார், விரைவில் வருவார் என்று மேலேயிருந்து பதில் வந்தது. விரைவில் என்ற சொல்லை நம்பித்தான் உன்னைப் பறிகொடுத்தோம். இந்தத் தடவை நம்பத் தயாரில்லை.

நம் ஊர்ப் பெண்களில் பாதிப் பேர் ஸ்பின்னிங் மில்லுக்குப் போகிறவர்கள். மாற்றிவிட ஆள் வராமல் மிஷினை விட்டு நகரக்கூடாது என்பது மில் சட்டம். அதையே ஆஸ்பத்திரியிலும் வைத்துக்கொண்டோம். காலையில் ஒருத்தி போய் அந்தப் பூட்டிய கதவுக்கு முன்னால் தரையில் உட்காருவாள். அடுத்தவள் வந்து "ஏட்டி, நான் வந்துட்டேன், நீ கெளம்பு" என்று சொன்னால்தான் எழுந்திருப்பாள். கோஷம் இல்லை, கொடி இல்லை, யாருக்கும் வழியை மறிக்கவில்லை. அறை திறக்கிறவரைக்கும் ஆளுக்கொரு தடவையாக ஜன்னத்தை மதுரைக்குக் கூட்டிப்போய் வந்தோம். அவளும் முடிந்த நாளில் கதவு முன்னால் ஷிப்டுக்கு வந்தாள்.

ஒரு நாள் பெரிய அதிகாரி ஒருவர் வந்தார். "எத்தன நாளைக்கும்மா இப்படி உக்காருவீங்க?"

ஜன்னத் முடி கொட்டிய தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னாள். "மில்லு ஒரு நாளும் நிக்காது சார். நாங்களும் அப்படித்தான்."

நர்ஸ் வந்துவிட்டார், மதினி. வாரத்தில் சில நாள்தான் அறை திறக்கிறது, ஆனால் திறக்கிறது. போன செவ்வாய்க்கிழமை ஜன்னத்துக்கு அங்கே மருந்து ஏற்றினார்கள். டவுன் பஸ்ஸில் போனோம், டவுன் பஸ்ஸில் திரும்பினோம். மதியச் சோற்றுக்கு அவள் தன் வீட்டில் இருந்தாள். இரண்டு வாய் ரசஞ்சோறு சாப்பிட்டுவிட்டுப் படுத்துத் தூங்கினாள்.

எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அவள் வீட்டு வாசலில் செருப்பை மாட்டும்போது ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இவ்வளவுதானா? ஒரு நர்ஸ், ஒரு சாவி. இது இல்லாமலா நீ செத்தாய்? கட்டிடம் கட்ட ஆள் இருந்தது, மாலை போட ஆள் இருந்தது, திறந்து வைத்துக் கைதட்ட ஆள் இருந்தது.

அதனால் நாங்கள் வீட்டுக்குப் போய்விடவில்லை. வாரம் முழுக்க அறை திறக்க வேண்டும், பரிசோதிக்கிற நர்ஸ் கம்பெனிக்கே சாப்பாட்டு நேரத்தில் வர வேண்டும் என்று அடுத்த மனுவைக் கொடுத்திருக்கிறோம். அறை இத்தனை காலம் பூட்டிக் கிடந்ததற்கு யார் பொறுப்பு என்றும் கேட்டிருக்கிறோம். அந்த ஒரு கேள்விக்கு மட்டும் பதில் வரவில்லை.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். பதில் சொல்ல வேண்டியவர் மாற்றலாகிப் போனால் அடுத்து வருபவரைக் கேட்பேன். அவரும் போனால் அவருக்கு அடுத்தவரைக் கேட்பேன். அவர்கள் மாறிக்கொண்டே இருக்கட்டும், மதினி. நான் எங்கேயும் போகப்போவதில்லை.

உன் நாத்தனார்,
கோமதி