நாலாவது ஆளாக வந்த கல்

மார்கழி 6, ஞாயிறு. இங்கிலாந்து, செல்வி வீடு.

இந்த ஊர்க் குளிரில் என் மீசை உறைந்து, தொட்டால் ஒடிந்துவிடும் போலிருந்தது. அண்ணன் மகள் செல்வியும் அவள் புருஷன் குமாரும் கிராமப்புறம் காட்டக் காரில் கூட்டிப்போனார்கள். மூன்று பேராகப் போகக் கூடாது என்பது எங்கள் ஊர்ப் பொன்னமராவதிச் சட்டம். வழியில் ஓர் இடிந்த வீட்டோரம் கிடந்த கல்லை எடுத்து, பின்சீட்டில் என் பக்கத்தில் நாலாவது ஆளாக வைத்தேன்.

"வயித்துல இருக்கிறதச் சேத்தா நாலுதானே மாமா?" என்றான் குமார்.

"பொறக்காத பிள்ளையக் கணக்குல சேக்கப்படாது மாப்ள."

வழியில் டீ குடிக்க இறங்கினோம். கடைக்காரக் கிழவி எங்கள் மூன்று பேருக்கு நாலு கப் வைத்தாள். வெளியே நின்ற காரைக் காட்டி ஏதோ கேட்டாள்.

"பின்சீட்டுல இருக்கவங்க ஏன் குளிர்லயே உக்காந்திருக்காங்கன்னு கேக்குறாங்க மாமா."

செல்வி வயிற்றில் கை வைத்துக்கொண்டாள். நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். காரில் யாரும் இல்லை. கல் இருந்த பக்கத்துக் கண்ணாடியில் மட்டும் உள்ளே மூச்சுக்காற்றின் ஆவி படிந்திருந்தது.

"எடுத்த எடத்துலயே விட்ருங்க சித்தப்பா," என்று செல்வி அழுதாள்.

திரும்பிப் போய்க் கல்லைப் பனியில் இறக்கி வைத்தேன். ஏழு சீமையையும் பேசியே ஜெயித்த என் வாய், யாரை வழியனுப்பினாலும் சொல்வதை அதனிடமும் சொல்லிவிட்டது: "போயிட்டு வாங்க."

"வரச் சொல்லிட்டீங்களே சித்தப்பா!"

வீடு திரும்பிவிட்டோம். இப்போது செல்வி விளக்கை அணைக்காமல் தூங்குகிறாள். அவள் அறை வாசலை மறித்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். எது வந்தாலும் என்னைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். போர்வையைத் தலையோடு இழுத்துப் போர்த்தியிருப்பது குளிரினால்.