வலது பக்கத்து ரப்பர்

நேற்று லாயத்துக்கு ஒரு பொட்டலம் வந்தது. பிரித்ததும் புது ரப்பர் வாடை முகத்தில் அடித்தது. உள்ளே லகானில் மாட்டும் தடுப்புகள், ஒவ்வொன்றும் என் கட்டைவிரல் அளவு. பொட்டலத்தை மேசையில் வைத்துவிட்டுக் குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவினேன். கழுவியும் வாடை போகவில்லை. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

உன்னைக் கண்டால் எனக்கு வயிறு எரியும். உனக்கு அது தெரிந்ததே இல்லை. நான் பேசாமல் இருந்தால் எல்லாரும் கூச்சம் என்று நினைத்துக்கொள்வார்கள். நீயும் அப்படித்தான் நினைத்தாய்.

படிவம் மூன்றோடு, பதினைந்து வயதில் பள்ளியை விட்டுவிட்டு ரவாங்கில் இந்த லாயத்துக்கு நான் வேலைக்கு வந்தேன். வாரத்தில் ஆறு நாள் சாணி அள்ளி, தீனி போட்டு, குளம்பைச் சுரண்டுவேன். நீ செலாயாங்கிலிருந்து உன் அப்பாவின் மோட்டாரில் சனி, ஞாயிறு மட்டும் வருவாய். ஆனால் வாசலில் உன் குரல் கேட்டதும் கோப்பி கனைப்பான். தீனி போட்ட எனக்காக அவன் ஒரு காதைக்கூடத் திருப்பியதில்லை.

கோப்பி பந்தயத்தை விட்டு வந்த குதிரை. ஓடும்போது தலையைத் தூக்கித் தூக்கி அடிப்பான். பல்லும் சேணமும் சரியாக இருக்கின்றனவா என்று லாயத்தை நடத்தும் மேடம் முதலில் ஆள் வைத்துப் பார்த்தார். அதில் குறை இல்லை என்று தெரிந்த பிறகுதான் மார்ட்டிங்கேல் போடலாம் என்றார். தலை அளவு மீறி மேலே போகாமல் பார்த்துக்கொள்ளும் வார் அது. வயிற்றுப் பட்டையிலிருந்து முன்னங்கால்களுக்கு நடுவே ஏறி வரும். மேடம் இரண்டு வகையை மேசையில் வைத்தார். ஒன்று நேராக மூக்குப் பட்டையில் பூட்டுவது. மற்றது நெஞ்சில் இரண்டாகப் பிரிந்து, நுனி வளையங்களுக்குள் லகானை ஓட விடுவது. கோப்பியை அடுத்த மாதம் தடை தாண்டப் பழக்க வேண்டும், எதைப் போடலாம் என்று நம் இருவரையும் கேட்டார்.

எனக்குப் பதில் தெரியும். தாண்டும்போது குதிரை கழுத்தை நீட்ட வேண்டும். மூக்கைக் கட்டிவைத்தால் நீட்ட முடியாது. அதனால் வளையம் வைத்ததுதான் சரி. உன் காதில் சொன்னேன். நீ என் விலாவில் இடித்து, “நீயே சொல்லு லா,” என்றாய். நான் தரையைப் பார்த்தேன். மேடம் காத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் நீதான் சொன்னாய். நான் சொல்லித்தான் உனக்குத் தெரியும் என்றும் சேர்த்துச் சொன்னாய். அதற்குள் மேடத்தின் கைப்பேசி அடித்துவிட்டது. பேசி முடித்துத் திரும்பி வந்தவர், கோப்பி இனி உன் பொறுப்பு என்று உன்னிடம் சொன்னார்.

அன்று நீ அளவு பார்த்ததை மறைவாக நின்று கவனித்தேன். கழுத்துப் பட்டைக்குள் கையை நுழைத்துப் பார்த்தாய். இரண்டு வளையங்களையும் தோள்வழியே பின்னால் இழுத்தாய். அவை பிடரி முடியும் மேட்டைத் தொட்டும் தொடாமலும் நின்றன. முன்னங்கால் மாட்டிக்கொள்ளும்படி நெஞ்சில் வார் தொங்குகிறதா என்று குனிந்து பார்த்தாய். பிறகு என்னைக் கூப்பிட்டு, “இது தலைய இழுத்துக் கட்டுறதுக்கு இல்லடி. அவன் சும்மா நின்னா, இப்படி ஒண்ணு மேல இருக்கறதே அவனுக்குத் தெரியக்கூடாது,” என்றாய். அதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் என்னைத் தொடவிடாத கோப்பி, உன் தோளில் தாடையை வைத்துக்கொண்டு நின்றான்.

இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை. வரத் தாமதமாகும் என்று நீ கைப்பேசியில் கூப்பிட்டு, அவனுக்குச் சேணம் கட்டிவைக்கச் சொன்னாய். லகானை வளையங்களுக்குள் விடும்போது வலது பக்கத்து ரப்பர் தடுப்பு இல்லாததைப் பார்த்தேன். வெயிலில் வெடித்து எங்கேயோ விழுந்திருக்கிறது. அது இல்லாவிட்டால் வளையம் முன்னால் ஓடி, வாயிரும்போடு லகான் சேரும் கொக்கியில் மாட்டிக்கொள்ளும். மாட்டினால் குதிரை மிரண்டு எழும்பும். நன்றாகத் தெரியும். எல்லாம் தெரிந்தவள்தானே, அவளே கண்டுபிடிக்கட்டும் என்று நினைத்தேன். நீ ஓடி வந்தாய், எனக்கு நன்றி சொன்னாய், என்னை நம்பி அப்படியே ஏறிவிட்டாய்.

மூன்றாவது சுற்றில் அது மாட்டியது. கோப்பி பின்னங்காலில் எழுந்தான். நீ வேலியோரம் விழுந்தாய். முழங்கை முழுக்கத் தோல் உரிந்திருந்தது. நீ எழுந்து முதலில் அவனிடம் போய் வளையத்தை விடுவித்தாய். லகானைத் தடவிப் பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய். மேடம் ஓடி வந்து, யார் கட்டியது என்று கேட்டார்.

“நான்தான் மேடம். அவசரத்துல பாக்கல,” என்றாய் நீ.

அன்றே கோப்பி உன் கையை விட்டுப் போனான். மேடம் அவனை என்னிடம் கொடுத்தார்.

குழாயடியில் உன் முழங்கைக்கு நான் தண்ணீர் ஊற்றினேன். மறந்துவிட்டாயா என்று கேட்டாய். ஆமாம் என்று தலையாட்டினேன். “விடு லா. உன்ன வேலைய விட்டு நிறுத்திருப்பாங்க. எனக்கு ஸ்கூல் இருக்கு. உனக்கு இத விட்டா என்ன இருக்கு?” என்றாய். நீ அன்பாகத்தான் கேட்டாய். எனக்கோ அறைந்தது போல இருந்தது. என்னைக் காப்பாற்றியபோதும் நீ என்னைவிட ஒரு படி மேலேயே நின்றாய். அதற்கும் எரிந்தேன்.

ஆறு வாரத்தில் டிங்கிக் காய்ச்சல் வந்து நீ போய்விட்டாய். உன் வீட்டு வாசலில் போட்டிருந்த நாற்காலிகளில் கடைசியில் உட்கார்ந்து அழுதேன். கூச்சக்காரப் பிள்ளை, பாவம் என்று யாரோ என் தலையைத் தடவினார்கள்.

நேற்று மேடம் பொட்டலத்தைப் பார்த்துவிட்டு, எல்லா லகானுக்கும் புதிது மாட்டச் சொன்னார். பிறகு உன்னைப் பற்றிப் பேசி, நல்ல பிள்ளைதான், ஆனால் கவனம் போதாது, என்னைப்போல் இல்லை என்றார். உன்னைவிட என்னை ஒருவர் உயர்த்திச் சொன்னது அதுதான் முதல் முறை. இதைக் கேட்கத்தானே இத்தனை நாள் இருந்தேன்?

“அன்னைக்குக் கட்டுனது நான் மேடம். ரப்பர் இல்லன்னு பாத்தேன். பாத்துட்டுத்தான் விட்டேன்.”

மேடம் பொட்டலத்தை மூடி வைத்தார். பிறகு, “அவளுக்குத் தெரியுமா?” என்று மட்டும் கேட்டார். தெரியாது என்றேன். இனி கோப்பியின் மேல் ஏற வேண்டாம் என்றார். கூட்டிப் பெருக்க மட்டும் இருக்கச் சொன்னார்.

இப்போது உனக்கும் சொல்லிவிட்டேன். நான் மறக்கவில்லை.

இன்று காலை கோப்பியை வேறு ஓர் அக்காவுக்குக் கொடுத்தார். முதல் நாளே அவன் அவர் தோளில் தாடையை வைத்தான். எனக்கு அதே எரிச்சல் வயிற்றிலிருந்து ஏறியது. அது போகாது போலிருக்கிறது. துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டுப் போனேன். அவர் ஏறுவதற்கு முன்னால் ஒரு நிமிடம் நிற்கச் சொல்லி, லகானில் இரண்டு பக்கத்து ரப்பரையும் விரலால் தொட்டுப் பார்த்தேன். இரண்டும் இருந்தன. வழிவிட்டு விலகி நின்றேன்.