வெட்டாத பாதி

மார்ச் 4
குடியிருப்புக்குப் பின்னால் மரங்களுக்கு அடியில் மண்டிக்கிடந்த முள்புதரில் பாதியை வெட்டி முடித்தேன். தோட்ட வேலைக்குச் சேர்ந்த நாளாக இப்படி இடுப்பு ஒடிந்ததில்லை. சங்கத் தலைவி மாடியிலிருந்து பார்த்துவிட்டு, இப்போதுதான் பார்க்கச் சுத்தமாக இருக்கிறது என்றாள். தலைவி என் கூடப்பிறந்த அக்காவேதான். அவள் வாயில் நல்ல வார்த்தை வருவது அபூர்வம்; எனக்குத் தலைகால் புரியவில்லை. மழைக்கு முன் மீதியையும் வெட்ட வேண்டுமாம்.

மார்ச் 9
வெட்டிய பக்கம் ஏன் இவ்வளவு அமைதி?

மார்ச் 20
கட்டைவிரல் அளவுக் குருவி ஒன்று வெட்டவெளியில் இறங்கியது. இரண்டு காக்கைகள் துரத்தின. ஒளிய ஓர் இலை இல்லை. எப்படியோ தப்பி, வெட்டாத பாதிக்குள் நுழைந்துவிட்டது. காக்கைகள் முள்ளுக்கு வெளியே நின்று கத்திவிட்டுப் போயின. 

ஏப்ரல் 2
வெட்டிய பக்கத்து மரங்களில் இலையெல்லாம் சல்லடை. புழு. வெட்டாத பக்கம் மட்டும் பச்சைப் பசேல். ஒரே மண், ஒரே தண்ணீர் — பிறகு என்ன?

மத்தியானம் சாப்பாட்டோடு அங்கேயே உட்கார்ந்தேன். கட்டைவிரல் குருவி புதரிலிருந்து மரத்துக்கு ஏறுகிறது, வாயில் ஒரு புழு, மறுபடி உள்ளே. உள்ளே குஞ்சுகளின் கத்தல். ஓயவே இல்லை. புதரை ஒட்டிய மரங்களைத் தாண்டி அது போவதும் இல்லை. இத்தனூண்டு உடம்பு இத்தனை பெரிய மரத்தைக் காப்பாற்றுகிறது! சோறு ஆறியதே தெரியவில்லை.

ஏப்ரல் 3
அக்காவிடம் சொன்னேன். "பாம்பு வந்தா நீயா பொறுப்பு?" என்றாள். அதுவும் நியாயம்தான். ஆனால் திங்கட்கிழமை புதர் வெட்டும் மெஷினை எடுக்காவிட்டால் வேறு ஆள் பார்ப்பாளாம். கூடப்பிறந்தவ பேசுற பேச்சா இது? வேலையே வேண்டாம்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டேன்.

ஏப்ரல் 5
குருவி வந்து உட்காரும் கிளைக்கு நேர் கீழே எச்சம். எச்சத்தில் முள்புதர்ப் பழத்தின் கொட்டை. பக்கத்திலேயே முளைத்த கன்றுகள், சில விரல் உயரம், சில முழ உயரம். மண்டியிட்டுப் பார்த்தேன். மெய்சிலிர்த்துவிட்டது. புதர் குருவியை ஒளித்துவைக்கிறது. குருவி புதரை விதைக்கிறது. இதில் வீட்டுக்காரர் யார், குடியிருப்பவர் யார்?

நாளை திங்கள். மெஷினைத் தொட மாட்டேன்.

ஏப்ரல் 6
மெஷின் சத்தம் கேட்காததால் அக்காவே இறங்கி வந்தாள். சண்டைக்குத்தான் வந்தாள். நான் உதட்டில் விரலை வைத்து, கையைப் பிடித்து உட்காரவைத்தேன். புழுவோடு வந்த கட்டைவிரல், அவள் செருப்புக்குப் பக்கத்திலேயே இறங்கி உள்ளே போனது. குஞ்சுகள் கத்தின. அக்கா குனிந்து புதருக்குள் எட்டிப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது.

பிறகு மெதுவாக, "அந்தப் பக்கத்தை ஏன்டி வெட்டின?" என்றாள்.

வெட்டச் சொன்னதே அவள்! சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டேன். பாம்புக்குப் பயந்தவர்களுக்காக நடைபாதை ஓரம் மட்டும் வெட்டினால் போதும் என்று முடிவாயிற்று.

ஜூன் 21
நல்ல மழை. வெட்டிய பக்கத்தின் ஓரத்தில், யாரும் நடாத ஒரு முள்கன்று. இரண்டே இலை. யாரும் மிதித்துவிடக் கூடாதென்று அக்கா அதன் பக்கத்தில் நாற்காலி போட்டு, குடையோடு உட்கார்ந்திருக்கிறாள்.