கெந்தா யாருக்காக ஏங்கியது

மட்சுயாமா,
நவம்பர் 9

குஷிரோவில் இருக்கும் என் வீட்டுக்காரருக்கு,

இங்கே ஆரஞ்சுத் தோட்டங்கள் பழுத்துவிட்டன, காலைக்காற்றில் லேசான குளிர். கடிதம் என்றால் முதலில் பருவத்தைப் பற்றி எழுத வேண்டுமே, அதற்கு இரண்டு வரி ஆயிற்று, விஷயத்துக்கு வருகிறேன். போன் செய்யலாம்தான். ஆனால் போனில் உங்களிடமிருந்து ‘ம்’ என்பதைத் தவிர வேறு எதுவும் வருவதில்லை.

உங்கள் நாய் சரியில்லை. நீங்கள் ஏப்ரலில் மாற்றலாகிப் போனபோது என்னைத் தெருவெல்லாம் இழுத்துக்கொண்டு ஓடிய கெந்தாவா இது என்று இருக்கிறது. நாள் முழுக்க, அடியில் கணப்பு வைத்த சூட்டுமேசையின் கம்பளத்துக்குள் படுத்தே கிடக்கிறான். போடுவது அதே அளவு சோறு, உடம்போ உருண்டுவிட்டது. வாலில் முடி கொட்டி எலி வால் மாதிரி ஆகிவிட்டது. முகத்தைத்தான் பார்க்க முடியவில்லை. கண்ணுக்கு மேலே தோல் தொங்கி, எந்த நேரமும் அழப்போகிறவன் போல இருக்கிறான். மாடிவீட்டு இனாகாக்கி அம்மா பார்த்துவிட்டு, “ஐயோ பாவம், அப்பாவைத் தேடுதுங்க. வேற என்ன?” என்றார். உங்கள் பழைய சாம்பல் நிறச் சட்டையை எடுத்துப் போட்டேன். அதன்மேல் படுத்தவன் எழுந்திருக்கவே இல்லை.

எனக்கு ஒரு குறையும் இல்லை. புத்தாண்டுக்கு வருவீர்கள்தானே?

மிசாவோ

குஷிரோ,
நவம்பர் 18

அன்புள்ள மிசாவோவுக்கு,

முதல் பனி விழுந்துவிட்டது. துறைமுகத்தில் மீன் வாசனைகூட உறைந்துபோகிறது. நலமா?

கெந்தாவைப் பற்றிப் படித்ததிலிருந்து மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை. ஐஸ் இயந்திரங்களைச் சரிபார்க்கும்போதுகூட அவன் முகம்தான் வருகிறது. உனக்கு ஒன்று சொல்லவில்லை. இன்னும் மூன்று வருடம் இங்கேயே இருக்கச் சொல்கிறார்கள், பதவி உயர்வோடு. ஜனவரி முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். மறுத்தால் வசந்தத்தில் ஊர் திரும்பலாம், ஆனால் பழைய நாற்காலிதான்.

மறுத்துவிடலாம் என்று இருக்கிறேன். பெண்டாட்டி கூப்பிடுகிறாள் என்று இங்கே எவனும் வாய் திறப்பதில்லை, காலத்துக்கும் கேலி செய்வார்கள். நாய் என்றால் கதை வேறு. மேலாளர் கசாமா வீட்டிலும் ஒன்று உண்டு, கெந்தாவைப் பற்றி அவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன், அவரே தலையாட்டுவார்.

சட்டையைத் துவைத்துவிடாதே.

தோகுஜி

மட்சுயாமா,
டிசம்பர் 1

என் வீட்டுக்காரருக்கு,

மலையடிவாரத்தில் கடைசி இலையும் உதிர்ந்துவிட்டது. இதை எழுத உட்கார்ந்து மூன்று முறை எழுந்துவிட்டேன். அடுப்படிக்குப் போனேன், வாசலுக்குப் போனேன், மறுபடி இங்கேயே வந்தேன்.

கெந்தாவைக் குசாக்கா டாக்டரிடம் காட்டினேன். “என் வீட்டுக்காரரை நெனச்சு ஏங்குதுங்க,” என்றேன். அந்த அம்மா அவன் கன்னத்தைப் பிடித்துப் பார்த்து, நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, “இவன் அழலீங்க. மூஞ்சித் தோல் தடிச்சுத் தொங்குது, அவ்வளவுதான். தைராய்டு சோம்பேறியாயிட்டா இப்படித்தான். இதயம் மெதுவா அடிக்கும், குளிர் தாங்காது, அதிகமாத் திங்காமலே குண்டாகும்,” என்றார்.

ரத்தம் எடுத்தார்கள். தைராய்டுச் சுரப்பு குறைவு. அப்போதே மாத்திரை கொடுங்கள் என்றேன், அரிப்புக்கு வேறொரு டாக்டர் கொடுத்த மருந்து இன்னும் ஓடுவதையும் சொன்னேன். “அவசரப்படாதீங்க. அரிப்புக்கு வேற எடத்துல ஸ்டீராய்டு குடுத்திருக்கீங்க, அதுவே இந்த அளவை இறக்கிக் காட்டும். வேற நோய் இருந்தாலும் இறங்கும். இந்த ஒரு அளவை மட்டும் வெச்சு ஆயுசுக்கும் மாத்திரை குடுக்க முடியாது,” என்றார். ஸ்டீராய்டைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தி, சில வாரம் விட்டு மறுபடி ரத்தம் எடுப்பார்களாம். சுரப்பி தூங்கினால் மூளையிலிருந்து ஒரு சுரப்பு வந்து அதை எழுப்பப் பார்க்குமாம். அது ஏறி, இது இறங்கியிருந்தால் சந்தேகமில்லையாம்.

உங்களுக்கு எழுதாமலே இருந்திருக்கலாம். மேலாளருக்கு நீங்கள் சொல்லப்போகும் பதில் இதில் தொங்குகிறது என்பதால் மறைக்க மனம் வரவில்லை.

மிசாவோ

குஷிரோ,
டிசம்பர் 10

அன்புள்ள மிசாவோவுக்கு,

காலையில் கதவைத் திறக்கவே பனியை வார வேண்டியிருக்கிறது.

அப்படியானால் அவன் என்னைத் தேடவே இல்லையா? நிம்மதியாகத்தான் இருக்கிறது. கொஞ்சம் ரோஷமும் வருகிறது, போ. பாழாய்ப்போன நாய்.

சோதனை முடிவு வரட்டும். நோய்தான் என்றால் மாத்திரையில் சரியாகிவிடும், நான் அவசரப்பட்டு மறுக்க வேண்டியதில்லை. மூன்று வருடம் ஓடிவிடும். உனக்கு ஒரு குறையும் இல்லை என்று எழுதியிருந்தாய், அதனால் கேட்கவில்லை. புத்தாண்டுக்கு வர முடியாது. மீன் வரத்து அதிகம், இயந்திரங்களை விட்டு நகர விடமாட்டார்கள்.

தோகுஜி

மட்சுயாமா,
ஜனவரி 26

தோகுஜி,

பருவத்தைப் பற்றி எழுதப்போவதில்லை.

சோதனை முடிவு வந்துவிட்டது. தைராய்டு இறங்கியிருக்கிறது, எழுப்பும் சுரப்பு எகிறியிருக்கிறது. சந்தேகமே இல்லை, நோய்தான். இரண்டு வாரமாகக் காலையும் மாலையும் மாத்திரை. அளவு சரியா என்று பார்க்க மறுபடி ரத்தம் எடுப்பார்கள். முடி முளைக்க மாதங்கள் ஆகுமாம், ஆனால் சுறுசுறுப்பு வந்துவிட்டது. நேற்று வாய்க்கால் கரைவரை என்னை இழுத்துக்கொண்டு ஓடினான். இனாகாக்கி அம்மா மாடியிலிருந்து, “என்னங்க, அப்பாவை மறந்துட்டானா?” என்று கத்தினார். நான் சிரிக்கவில்லை.

அவன் இப்போது உங்கள் சட்டைமேல் படுப்பதில்லை. அதை நான் எடுத்து வைத்துக்கொண்டேன். துவைக்கவில்லை.

நாய் தேடுகிறது, நாய் ஏங்குகிறது என்று சொன்னேனே, அவன் வாசலைப் பார்க்கவே இல்லை. குளிருக்கு ஒதுங்கிக் கிடந்தான். வாசலைப் பார்த்தது நான். வண்டிச் சத்தம் கேட்டால் எழுந்து போய்ப் பார்ப்பதும் நான்தான். இந்த வீட்டில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இதற்கு ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டியதில்லை.

நாய்க்கு ஒன்றுமில்லை. எனக்காக வாருங்கள். முடியாது என்றால் அதையும் எழுதுங்கள், ‘ம்’ என்று மட்டும் எழுதாதீர்கள்.

மிசாவோ

குஷிரோ,
ஜனவரி 31

மிசாவோ,

நானும் பருவத்தை விட்டுவிட்டேன்.

இன்று கசாமாவிடம் போய், ஏப்ரலில் ஊருக்குத் திரும்புகிறேன் என்றேன். அறையில் எல்லோரும் இருந்தார்கள். நல்ல மனிதர், எனக்கு ஒரு சாக்கு எடுத்துக்கொடுக்கப் பார்த்தார். “ஏன்யா, நாய்க்கு இன்னும் முடியலையா?” என்றார்.

“நாய் நல்லா இருக்குங்க. பெண்டாட்டி வரச் சொல்றா,” என்றேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. சட்டையைத் துவைத்துவிடு, வந்து போட்டுக்கொள்கிறேன்.

தோகுஜி