சூடேறாத மிஷினும் நம் சாடைப் பேச்சும்

அக்கா,

இன்று காலை என் பேரன் வீட்டுச் சமையலறையிலிருந்து அந்த வாடை வந்தது. கொதிக்கிற தண்ணீர் பட்டால் காபித்தூள் வீடு முழுக்க மணக்கும். வெதுவெதுப்பான தண்ணீர் பட்டால் நனைந்த சாக்கு மாதிரி ஒரு வாடைதான் வரும். மூக்கில் ஏறியதும் எனக்கு நீதான் நினைவுக்கு வந்தாய்.

பேரன் பசுமலையில் வீடு எடுத்திருக்கிறான். கல்யாணமாகி முதல் ஆடிகூட இன்னும் வரவில்லை. ஆசையாக ஓர் எஸ்பிரஸ்ஸோ மிஷின் வாங்கி வைத்திருக்கிறான். அது சூடேறவில்லை. அவனும் அவன் பெண்டாட்டியும் அதைவிட ஆறிப்போய், நேற்றிலிருந்து பேச்சில்லாமல் நடமாடுகிறார்கள். சும்மா பார்த்துவிட்டுப் போகலாமென்று வந்த நான் நடுவில் மாட்டிக்கொண்டேன்.

இந்த இரண்டு வியாதியும் உனக்குத் தெரியாததா? தல்லாகுளம் வீட்டில் இரண்டையும் ஒன்றாகப் பார்த்தவர்கள்தானே நாம்.

அண்ணனைக் கட்டி நீயும் தம்பியைக் கட்டி நானும் ஒரே வீட்டுக்கு வந்தோம். பாகம் பிரித்தபோது நடுவில் ஒரு சுவர் எழுப்பினார்கள். அது ஓடு வரைக்கும் போகவில்லை. அடுப்பு இரண்டானது, வாசல் இரண்டானது, கரண்டுக்கு மீட்டர் மட்டும் ஒன்றாகவே இருந்தது. அப்போதும் நாம் பேசிக்கொண்டுதான் இருந்தோம். பேச்சு நின்றது என் மகன் காதுகுத்தில். பந்தியில் உட்கார்ந்து, ஊரே கேட்கும்படி, "கொழம்புல உப்பு இல்லையே" என்றாய். உப்பு இருந்தது, அக்கா. போட்டவள் நான், ருசி பார்த்தவள் நான். அன்றைக்கு நீ என்ன சேலை கட்டியிருந்தாய், எந்த விரலால் இலையைத் தட்டிக் காட்டினாய் என்பது வரைக்கும் எனக்கு நினைவிருக்கிறது.

அதன்பிறகு நமக்குள் சாடைப் பேச்சுதான். நீ உன் பூனையிடம் சொல்வாய், எனக்குக் காது கேட்கும். நான் என் கிரைண்டரிடம் சொல்வேன், உனக்கு உறைக்கும். நேருக்கு நேர் ஒரு வார்த்தை கிடையாது. ஒரு பொங்கல் போய் மறு பொங்கலும் அப்படியே போனது.

அந்த வருஷம்தான் உன் வீட்டுக்காரர் குவைத்திலிருந்து அந்த மிஷினைக் கொண்டுவந்தார். கல்யாண மண்டபத்தில் வரிசையில் நின்று வாங்குகிற நுரைக் காபியை வீட்டிலேயே போடலாம் என்று தெரு முழுக்கப் பேச்சு. உன் மகள் வசந்தியைப் பெண் பார்க்க வருவதாகச் சொன்னவர்களிடமும், "எங்க வீட்டுல மிஷின் காபிதான்" என்று தரகர் மூலம் சொல்லி அனுப்பியிருந்தாய். மாப்பிள்ளை டி. கல்லுப்பட்டியில் வாத்தியார். வசந்தி அவரைப் போட்டோவில் பார்த்ததிலிருந்தே தலை பின்னும்போதெல்லாம் தானாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். அதற்கு முன் வந்த ஓர் இடம், சொல்லி அனுப்புகிறோம் என்று போனவர்கள், சொல்லியே அனுப்பவில்லை. இதுவும் கை நழுவினால் அந்தப் பிள்ளை உடைந்துபோவாள் என்று உனக்கும் தெரியும், சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கும் தெரியும்.

பிற்பகல் அவர்கள் வரவேண்டும். மதியத்திலிருந்தே நீ மிஷினை உலுக்கும் சத்தம் கேட்டது.

"ஏய் மிஷினு, எம்புட்டு நேரமாக் காத்துக் கெடக்கேன். ஒனக்குச் சூடு சொரணை இருக்கா இல்லையா?"

நான் மாவைத் தள்ளிவிட்டுக்கொண்டே என் கிரைண்டரிடம் சொன்னேன். "சூடு இல்லாட்டிக்கூடப் பரவாயில்ல கிரைண்டரு. சொரணை இருக்கிறவுகதான் அங்கிட்டுக் கொறச்சல்."

மற்ற நாளாக இருந்தால் அதோடு முடிந்திருக்கும். ஆனால் வசந்தியின் குரல் கேட்டது. "யம்மா, அவுக பஸ் ஏறியிருப்பாகம்மா." அழுகைக்கு ஒரு விரற்கடை தூரத்தில் இருந்தது அந்தக் குரல். எனக்கு மனசு கேட்கவில்லை.

"கிரைண்டரு, போர் தண்ணியை ஊத்துனா உள்ளே சுண்ணாம்பு படியும். அப்புறம் எங்கிட்டுச் சூடு ஏறும்? யாராச்சும் அதைப் பாத்தாகளா?"

"நேத்தே எலுமிச்சம்பழச் சாறு ஊத்தி அலசியாச்சு மிஷினு. நாம ஒண்ணும் தெரியாத ஆளுக இல்லன்னு சொல்லிப்புடு."

"அடுப்புல போட்டா அது காபி இல்லையாக்கும், கிரைண்டரு?"

"சொன்ன சொல்லு என்னாகுறது, மிஷினு?"

அது எனக்குப் புரிந்தது. சொன்ன சொல்லைக் கட்டிக்கொண்டு அழுவதில் நீயும் நானும் ஒரே ரகம்.

அப்போது ஒரு கருகல் வாடை வந்தது. மிஷினோடு வந்த வெளிநாட்டு ப்ளக் இங்கே எதிலும் சேரவில்லை என்று உன் வீட்டுக்காரர் அதை வெட்டிவிட்டு, பெரிய மூன்று முள் ப்ளக் ஒன்றை மாட்டியிருந்தார். உன் பக்கம் இருந்ததோ ரேடியோவுக்குப் போட்ட சின்ன பாயிண்ட். அதனால் அந்த ப்ளக்கையும் கழற்றிவைத்து, ஒயரை நேரே ஓட்டையில் சொருகி, தீக்குச்சி வைத்து அடைத்துவிட்டுக் கப்பல் ஏறிப் போய்விட்டார். கருகியது அந்தத் தீக்குச்சி.

இன்னொன்றும் கவனித்தேன். என் கிரைண்டர் ஓடும்போதெல்லாம் உன் பக்கத்து பல்பு, சுவருக்கு மேலே, மஞ்சள் பூத்து மங்கியது. மாவு பாதிதான் அரைந்திருந்தது. நான் கிரைண்டரை நிறுத்தினேன். உன் பல்பு பளிச்சென்றது.

நீ மெதுவாகச் சொன்னாய். "மிஷினு, அங்கிட்டு நிறுத்திட்டாக பாரு. இப்பவாச்சும் ஏறு."

ஏறியது. தண்ணீர் முனகுகிற சத்தம்கூடக் கேட்டது. உடனே 'பட்' என்று ஒரு பொறி. வசந்தி வீல் என்று கத்தினாள். தீக்குச்சி அதற்குமேல் தாங்கவில்லை. ப்யூஸ் போய் இரண்டு வீடும் இருண்டது.

இனிச் சாடை பேச நேரமில்லை. ஆனாலும் சாடையாகத்தான் பேசினேன், விட்டுக்கொடுக்க முடியுமா? "கிரைண்டரு, இந்த வீட்டுலயே தடிமனான பாயிண்டு ஒன்னோடதுதான். நீ ஒதுங்கிக்கிட்டா அந்த மிஷினுக்கும் தோதா இருக்கும். வேணும்னா இங்கிட்டு வரச் சொல்லு."

"வாரேன்னு சொல்லு மிஷினு. ஆனா கூப்புட்டது அவுகதான். ஞாபகம் வச்சுக்கிறச் சொல்லு."

நீ வந்தாய், அக்கா. பட்டுச் சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு, மிஷினைப் பச்சைப் பிள்ளை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு, என் வாசலில் நின்றாய். அதற்குள் மெயினை அணைத்து நான் ப்யூஸ் கம்பியை மாற்றியிருந்தேன். கத்தி முனையால் திருகி, நீ கையோடு கொண்டுவந்த பெரிய ப்ளக்கை ஒயரில் மறுபடி மாட்டினேன். ஒயரைப் பிடித்துக்கொண்டது நீ. மெயினைப் போட்டோம், மிஷினில் சிவப்பு விளக்கு எரிந்தது. விளக்கு எரிந்தால் மட்டும் போதாது, முன்னேயும் எரிந்ததுதான். இருவரும் குனிந்து அதன் வயிற்றில் உள்ளங்கையை வைத்துக் காத்திருந்தோம். முதலில் வெதுவெதுப்பு. பிறகு சூடு கையை எடுக்க வைத்தது. குழாயிலிருந்து ஆவி சீறியபோது என் சமையல்கட்டு முழுக்கக் காபி மணந்தது.

பாலில் நுரை ஏறும்போது நீ மிஷினைப் பார்த்துச் சொன்னாய். "உப்பு இருந்துச்சுன்னே வச்சுக்குவோம். என்ன மிஷினு?"

"வச்சுக்குவோமா?" என்றேன். மிஷினைப் பார்த்து இல்லை, உன் முகத்தைப் பார்த்து. அத்தனை நாளுக்குப்பின் உன்னிடம் நான் நேராகப் பேசிய முதல் வார்த்தை அது. நீ சிரித்துவிட்டாய். பால் பாத்திரம் சாய்ந்து உன் பட்டுச் சேலையில் கொட்டியது. எனக்கு அதில் ஒரு திருப்தி இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன்.

காபி என் வீட்டிலிருந்து உன் வீட்டுக்குப் போனது. மாப்பிள்ளையின் அம்மா ஒரு வாய் குடித்து, நாக்கைச் சுட்டுக்கொண்டு, "ஆத்தீ, இம்புட்டுச் சூடா! யாரு போட்டது?" என்றார். வாசலோரம் நின்ற என்னைக் காட்டி, "என் தங்கச்சி" என்றாய். ஓரகத்தி என்று சொல்லவில்லை. அந்த அம்மாள் இரண்டாவது டம்ளரும் வாங்கிக் குடித்துவிட்டு, நன்றாயிருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதையும் நான் மறக்கவில்லை. ஆனால் பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று அங்கேயே சொன்னார்கள். என் மாவு பாதியில் நின்றதால் மறுநாள் தோசை நறநறவென்று இருந்தது. அதை நீதான் வந்து தின்றாய், ஒரு குறையும் சொல்லாமல். வசந்தி கல்யாணத்துக்கு முன்பே அந்தச் சுவரில் ஒரு வாசல் வைத்தோம். மிஷின் கடைசிவரை என் பக்கத்திலேயே இருந்தது. காபி குடிக்க நீ வரவேண்டியிருந்தது.

நீ போய்ச் சேர்ந்தபின் அந்த வாசலைத் தாண்டிப் போக எனக்கு வேலை இல்லாமல் போயிற்று. ஆனால் பழக்கம் போகவில்லை. எது சூடேறாவிட்டாலும் அதனிடம் பேசுவேன். இன்று காலையும் அப்படித்தான். போய்ப் பார்த்தால் ஃப்ரிட்ஜ், மிக்சி, மிஷின் எல்லாம் மெல்லிசு ஒயர் போட்ட ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் தொங்குகின்றன. நான் எதையும் தொடவில்லை. இருவர் காதிலும் விழும்படி மிஷினிடம் சொன்னேன்.

"ஏய் மிஷினு, சுவத்துல தடிமனா ஒரு பாயிண்டு சும்மா கெடக்கு. ஒன்னை அங்கிட்டு மாத்த இந்த வீட்டுல ஆளே இல்லையா?"

பேரன் பெண்டாட்டி தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பை அடக்கினாள். பிறகு அவளும் மிஷினைப் பார்த்துச் சொன்னாள். "மாத்தலாம் மிஷின். வாங்கிட்டு வந்தவங்க ஒரு நாளாவது உன்னைக் கழுவியிருந்தா."

கூடத்திலிருந்து பேரன் குரல் வந்தது. "கழுவலாம்னு எழுந்தா சிங்க்ல இடம் இல்லன்னு சொல்லு மிஷின்."

நான் வெதுவெதுப்புக் காபி டம்ளரை அங்கேயே வைத்துவிட்டு வாசலுக்கு வந்துவிட்டேன். மிஷினோடு பேச ஆரம்பித்துவிட்டார்கள், அக்கா. இனிப் பயமில்லை. உள்ளே எலுமிச்சம்பழம் நறுக்குகிற சத்தம் கேட்கிறது. சிரிப்பும் கேட்கிறது. காபி வர இன்னும் கொஞ்ச நேரமாகும், ஆகட்டும்.

ஆனால் ஒன்று. வச்சுக்குவோம் என்பதெல்லாம் இல்லை. உப்பு இருந்தது.