இரண்டாவது வாளி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதிவிட்டு அரைமணி நேரமாகப் பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருக்கிறேன். நல்ல செய்திகளை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் குட்டிக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. வாயைத் திறந்தால் பாதி காற்றுதான் வருகிறது, ஆனாலும் பேச்சு ஓயவில்லை. தங்கை நன்றாக இருக்கிறாள். நீங்கள் வேலை தேடி வெளியூர் போனதிலிருந்து இருவரும் என்னோடுதான் இருக்கிறார்கள். என் சட்டைக்குப் பட்டன் தைத்துத் தருகிறாள், சாப்பிட உட்கார்ந்தால் கேட்காமலே இன்னொரு கரண்டி போடுகிறாள். நான்தான் அதை அப்படியே ஒதுக்கி வைத்துவிடுகிறேன்.

நம் சாயப்பட்டறையின் கழிவுநீர்த் தொட்டியும் தேறிவிட்டது. தேற ஐம்பது நாளுக்கு மேல் ஆயிற்று. வேறொரு ஆலையிலிருந்து லாரியில் கிருமிச் சேறு கொண்டுவந்து ஊற்றி, வேளாவேளைக்குச் சர்க்கரைப்பாகும் யூரியாவும் கொடுத்துக் கைக்குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டோம். சாயக் கழிவைத் தின்று வாழும் அந்தக் கிருமிகளை ‘நம்ம பசங்க’ என்பீர்களே, பசங்க பிழைத்துவிட்டார்கள். காலையில் கண்ணாடி ஜாடியில் மொண்டு வைத்தால் அரைமணியில் பழுப்புச் சேறு அடியில் படிந்து, மேலே நீர் தெளிந்து நிற்கிறது. தலையில் எதையோ சுழற்றிக்கொண்டே திரியும் பூச்சிக்குப் ‘பம்பரம்’ என்று பெயர் வைத்தீர்களே, அதுவும் மைக்ராஸ்கோப்பில் தென்பட்டது. பார்த்ததும் உங்களைக் கூப்பிடத்தான் வாயெடுத்தேன்.

வியாழக்கிழமை உங்கள் கடிதம் வந்தது. மூட்டை தூக்கித் தோள் வலிக்கிறது என்று ஒரே வரியில் முடித்துவிட்டு, பக்கம் முழுக்கத் தொட்டியைத்தான் விசாரித்திருந்தீர்கள். கடைசியில், “அன்னைக்கு ரெண்டாவது வாளி ஊத்தினேனா இல்லையான்னு இன்னும் யோசிக்கிறேன் மச்சான். பசங்களை நான்தான் பட்டினி போட்டுக் கொன்னுட்டேன்” என்று எழுதியிருந்தீர்கள். தங்கைதான் வாசித்துக் காட்டினாள். “இந்த மனுஷனுக்கு மறதி ஜாஸ்திண்ணா, ஆனா மனசு சுத்தம்” என்றாள். நான் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போய்விட்டேன்.

மாப்பிள்ளை, நீங்கள் ஊற்றினீர்கள். பட்டறை மூடியிருந்த அந்த விடுமுறை நாளில் கழிவுநீர் வராது, பசங்களுக்கு நாம்தான் வாளியில் தீனி ஊற்றவேண்டும். உங்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்தவன் நான். இரண்டாவது வாளியையும் ஊற்றி, கழுவி, குழாயடியில் நீங்கள் கவிழ்த்து வைத்ததை என் கண்ணால் பார்த்தேன்.

அவர்களைக் கொன்றது நான். மறுநாள் என்னுடைய காலை ஷிஃப்டில், துணி வெளுத்த பிளீச்சிங் தண்ணீரைத் திறக்கப்போகிறோம் என்று பட்டறையிலிருந்து போன் வந்தது. வால்வைத் திருப்பி அதைத் தனித்தொட்டிக்கு அனுப்பவேண்டும், வீரியத்தை முறித்த பிறகுதான் பசங்களிடம் விடவேண்டும். சரி சரி என்று போனை வைத்தேன். மடியில் குட்டியின் செருப்பு இருந்தது. வார் அறுந்துவிட்டது, தைத்துத் தா மாமா என்று காலையில் உங்கள் வீட்டு வாசலில் ஒரே அழுகை. கம்பி கோத்துத் தைத்து முடித்து நிமிர்ந்தபோது முக்கால் மணி நேரம் போயிருந்தது. ஓடிப்போய் வால்வைத் திருப்பினேன், அதற்குள் பிளீச்சிங் பசங்களிடம் போய்விட்டிருந்தது. யாரும் பார்க்கவில்லை. உங்களிடம் ஷிஃப்டை ஒப்படைத்தபோது, “எல்லாம் சரியா இருக்கு” என்றேன்.

பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். உங்கள் ஷிஃப்டில் தொட்டி வெளுத்துக் கலங்கியது, கால்வாயில் மீன் செத்து மிதந்தது. விசாரணையில் வாளியைப் பற்றிய சந்தேகத்தை நீங்களாகவே சொன்னீர்கள். மேலாளர் என் பக்கம் திரும்பி, நீங்கள் ஊற்றியதை நான் பார்த்தேனா என்று கேட்டார். “கவனிக்கலை சார்” என்றேன். அந்த இரண்டு சொல்லில் உங்கள் வேலை போயிற்று, பட்டறை கொடுத்த வீடும் போயிற்று. நாளைக்குச் சொல்லிவிடலாம், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று இத்தனை நாளை ஓட்டிவிட்டேன். கோழை நான்.

இன்று காலை எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு மேலாளரிடம் கொடுத்துவிட்டேன். அவர் அதை இரண்டு முறை படித்தார். பிறகு, “சாவியை வச்சிட்டுப் போங்க. அவரை உடனே வரச் சொல்லி எழுதுங்க” என்றார்.

வீட்டுக்கு வந்து தங்கையிடமும் சொன்னேன். அவள் அந்தச் செருப்பை எடுத்து என் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். குட்டிக்கு அது இப்போது சின்னதாகிவிட்டது. மதியம் நானே போட்டுக்கொண்டு சாப்பிட்டேன்.

எந்த முகத்தோடு மன்னிப்புக் கேட்பது என்று தெரியவில்லை. திட்டுவதற்காகவாவது வந்துவிடுங்கள். நாளையிலிருந்து அந்த ஜாடியைப் பார்க்கத் தெரிந்த ஆள் அங்கே இல்லை. இங்கே குட்டி வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். வரும் வழியெல்லாம் இதை மட்டும் நினைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்குங்கள் மாப்பிள்ளை: நீங்கள் யாரையும் பட்டினி போடவில்லை.

இப்படிக்கு,
அன்று பார்த்தும் பார்க்கவில்லை என்ற
உங்கள் மச்சான்